ஏழு கட்டைச் சுருதியில் ஒரு பியானோ: ‘ஃபூர் அலினா’வை வாசிக்கும் வழி

ஆர்வோ பேர்ட் பியானோவுக்கு எழுதிய ‘ஃபூர் அலினா’வின் அச்சுப் பிரதி மொத்தம் இரண்டே பக்கம். காம்பில்லாத கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே வெள்ளை வட்டங்கள். தாளக் குறி கிடையாது. இரண்டு ஷார்ப் மட்டும் முகப்பில். பியானோத் தேர்வில் மூன்றாம் கிரேடு பிள்ளைகூடப் பார்த்த மாத்திரத்தில் சுரங்களை வாசித்துவிடும். அதே பிள்ளை மேடையில் வாசித்தால் ஆறாவது பாரில் (பார் என்பது கோடு போட்டுப் பிரித்த ஒரு பகுதி) கூட்டம் இருமத் தொடங்கும். சுரம் ஒன்றுகூடப் பிசகியிருக்காது. பிறகு எங்கே பிசகிற்று என்று கேட்டால், பெரும்பாலும் சுரத்தை நீட்டிப் பிடிக்கிற பெடலில், அடுத்தபடியாக முதல் சுரத்தில்.

பாலக்காட்டிலும் சித்தூர் தாலுகாவிலும் பியானோவுக்கு உட்காருகிற தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஏற்கெனவே சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். பாட்டோ மிருதங்கமோ கொஞ்சமாவது காதில் விழுந்திருக்கும். செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் வளர்ந்த மண்; அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த உருப்படிக்கு அந்தக் காது பெரிய முதல். எந்த இடத்தில் அது கைகொடுக்கும், எந்த இடத்தில் காலை வாரும் என்று இரண்டையும் சொல்வதுதான் இந்தப் பதிவு.

ஆர்வோ பேர்ட் எஸ்டோனியாக்காரர், 1935-ல் பிறந்தவர். வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை பார்த்தவர். ஆரம்பத்தில் பன்னிரண்டு சுர வரிசை முறையில் எழுதினார். 1968-ல் ‘கிரெடோ’ என்ற அவருடைய படைப்பு அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளானது. அதன்பின் பல வருஷம் மிகக் குறைவாகவே எழுதி, பழைய தேவாலயப் பாடல் மரபுகளைப் படித்துக்கொண்டிருந்தார். 1976-ல் வெளியே வந்தபோது கையில் இருந்த முதல் சின்ன உருப்படி இது. லண்டனுக்குப் படிக்கப் போன ஒரு பெண்ணின் பெயரில் எழுதியது. இந்தப் பாணிக்கு அவர் வைத்த பெயர் ‘டின்டினாபுலி’. மணி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தது. வரலாறு இவ்வளவு போதும். வாசிக்கிறவருக்கு வேண்டியது இதன் கணக்கு.

கணக்கு இதுதான். இரண்டு குரல்கள், எப்போதும் சேர்ந்தே ஒலிக்கும். வலது கைக்கு மெட்டு. இடது கைக்கு மணி. மெட்டுக் குரல் பி மைனர் ஸ்கேலில் எங்கு வேண்டுமானாலும் நடக்கும், தாவும். மணிக் குரலுக்கு அந்த உரிமை இல்லை. பி, டி, எஃப் ஷார்ப் என்ற மூன்று சுரங்களுக்குள்தான் அது நிற்க வேண்டும். மெட்டுச் சுரத்துக்குக் கீழே, மூன்றில் எது மிக அருகில் இருக்கிறதோ அதை அது எடுத்துக்கொள்ளும்.

இதைச் சரளி வரிசை தெரிந்தவர்களுக்குச் சொல்வது இன்னும் சுலபம். பி என்பது ஏழு கட்டை. அதை சட்ஜமாக வைத்தால் ஸ்கேல் அப்படியே நடபைரவி: சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். மணிக் குரல் ச, க, ப மட்டும். மெட்டு ரி என்றால் மணி ச. மெட்டு க என்றாலும் ச. ம வந்தால் க, ப வந்தால் க. த வந்தால் ப, நி வந்தால் ப. மேல் ச வந்தால் அதற்குக் கீழே ப. எந்த ஆக்டேவில் (ஸ்தாயியில்) கை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்த ஏழு ஜோடிகளையும் முதலில் பிரதியைப் பார்க்காமல் வாசித்துக் காதுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். நான்கு ஜோடிகள் இழைந்து நிற்கும்: க-ச, ப-க, நி-ப, ச-ப. மூன்று ஜோடிகள் உரசும்: ரி-ச, ம-க, த-ப. உரசுகிற மூன்றிலும் த-ப மட்டும் அரைச் சுர இடைவெளி, அதாவது ஜி-யும் எஃப் ஷார்ப்பும். மற்ற இரண்டும் முழுச் சுரம். ஆக, இந்த உருப்படியில் ‘எங்கே உணர்ச்சி கொடுக்க வேண்டும்’ என்று யாரும் தேடித் திரிய வேண்டாம். உரசல் எங்கே விழுகிறது, அது அடுத்த ஜோடியில் அவிழ்கிறதா, அல்லது இன்னொரு உரசலுக்குப் போகிறதா என்பதைப் பிரதியில் பென்சிலால் குறித்தால், பாதி விமர்சனப் புத்தகம் படித்த மாதிரி. உரசும் ஜோடிக்கு ஒரு சின்னக் கோடு, த-ப ஜோடிக்கு இரட்டைக் கோடு. அரைமணி நேர வேலை. இந்தக் கோடுகளைப் போடாமல் வாசிக்க உட்காருகிறவர்கள் எல்லா ஜோடியையும் ஒரே மாதிரி ‘அழகாக’ வாசிப்பார்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் அதைக் கேட்க முடியாது.

இந்த இரண்டு குரல்களைப் பற்றி பேர்ட்டின் மனைவி நோரா சொன்னதாக ஒரு சமன்பாடு உண்டு: ஒன்றும் ஒன்றும் ஒன்று. வாசிக்கிறவருக்கு இது வேதாந்தமாக வேண்டாம், விரல் விதியாகப் போதும். இரண்டு கையும் ஒரே நொடியில் கட்டையின் அடியைத் தொட வேண்டும். இடது கை ஒரு இழை முந்தினாலும் ஜோடி இரண்டாக உடைந்துவிடும். பழைய பாணி வால்ட்ஸ் வாசித்துப் பழகிய கைகளுக்கு இந்த முந்தல் பழக்கம் நிறைய உண்டு, வாசிக்கிறவருக்கே தெரியாது. போனில் பதிவு செய்து கேட்டால் தெரியும். பதிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை: போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும். அதனால் அணைந்துபோகிற சுரம்கூடப் பதிவில் உரக்கக் கேட்கும். கெய்னை, அதாவது பதிவின் ஒலி அளவை, நாமே நிறுத்தி வைக்கக்கூடிய செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு மீட்டர் தள்ளிப் போனை வைத்தால் கேட்பது ஓரளவு உண்மையாக இருக்கும்.

அடுத்தது உருவம். முதல் பாரில் அடித்தளத்தில் பி ஆக்டேவ், ஒரே தடவை. இரண்டாவது பாரில் ஒரு கறுப்புப் புள்ளி, ஒரு வெள்ளை வட்டம். மூன்றாவதில் இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை. இப்படி ஒவ்வொன்றாக ஏறி எட்டாவது பாரில் ஏழு கறுப்பும் ஒரு வெள்ளையும். பிறகு அதே வழியாகச் சுருங்கி வரும். மொத்தம் பதினைந்து பார். மிருதங்கம் படித்த வீட்டில் இதற்குப் பெயர் சொல்ல ஒரு நொடி ஆகாது: சிறிதாகத் தொடங்கி நடுவில் பெருத்து மறுபடி சிறுத்தால் அது மிருதங்க யதி. வாத்தியத்தின் உருவமே அதுதான்.

யதி என்று புரிந்தவுடன் வருகிற சங்கடம் ஒன்று உண்டு. தனி ஆவர்த்தனத்தில் யதி ஏறும்போது சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறும், கை பழகியிருக்கும். இங்கே அது ஆகாது. பார் நீளுகிறது, சத்தம் நீளுவதில்லை. எட்டாவது பார் உச்சம் என்று நினைத்துப் பலத்தைக் கூட்டினால், பெடலில் தேங்கிய சுரங்களெல்லாம் ஒன்றாகக் கொதித்து எழும். அதன்பின் வருகிற சுருக்கம் களைப்பாகக் கேட்கும். ஏழு கறுப்பையும் ஒரே மூச்சில் வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே மூச்சை விட்டபடி வாசித்துப் பாருங்கள். மூச்சு போதவில்லை என்றால் வேகம் குறைவு என்று பொருள்.

இனி அந்த முதல் சுரம். இங்கேதான் சுருதிக் காது உண்மையில் கைகொடுக்கிறது.

அடி பி ஆக்டேவை வாசித்து, வலது பெடலை எடுக்காமல் விட்டுவிட வேண்டும். மேலே நடப்பதெல்லாம் அதன்மீது நடக்கும். தம்பூரா என்று உடனே சொல்லத் தோன்றும். சொல்லலாம், ஒரு பெரிய வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு: தம்பூராவை மீட்டிக்கொண்டே இருக்கிறோம், இதை ஒரு தடவைதான் மீட்ட முடியும். இந்தச் சுருதி வாசிக்கத் தொடங்கிய நிமிஷத்திலிருந்து செத்துக்கொண்டே இருக்கிறது. கறுப்பு ஒன்றுக்கு ஒன்றரை நொடி, வெள்ளைக்கு ஐந்து நொடி என்று வைத்துக் கணக்குப் போட்டால், எட்டாவது பார் முடியும்போது கறுப்பு இருபத்தெட்டுக்கு 42 நொடி, வெள்ளை ஏழுக்கு 35 நொடி, ஆக 77 நொடி. கறுப்புக்கு இரண்டு, வெள்ளைக்கு எட்டு என்று இழுத்தால் 112 நொடி. உங்கள் பியானோவில் அந்த பி அவ்வளவு நேரம் நிற்குமா?

இதைச் சோதித்துவிட்டுத்தான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். பெடலை மிதித்து, அடி ஆக்டேவை வாசித்து, போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். வேறு எதையும் தொடாமல், காதுக்கு அது மறையும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு மறுபடி அதை வாசித்து, மேலே உருப்படியையும் வாசித்துக்கொண்டே போய், ஐந்தாவது பாரில் சட்டென்று கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பெடல் அப்படியே இருக்கட்டும். பெரிய கிராண்டாக (படுத்த வாட்டத்துப் பியானோ) இருந்தால் பி இன்னும் தெளிவாக இருக்கும். சின்ன அப்ரைட்டில் (நிமிர்ந்து நிற்கிற பியானோ) அது மெலிந்திருக்கும். ஆனால் முழுக்கப் போயிருக்காது. பெடல் மிதிபட்டே இருப்பதால் எல்லாத் தந்தியும் திறந்து கிடக்கின்றன. மேலே வாசிக்கிற பி-யும் எஃப் ஷார்ப்பும் அடித்தந்தியின் மேல்சுரங்களோடு (அதற்குள்ளிருந்தே கூடவே எழும் உயர்ந்த சுரங்கள்) ஒத்துப்போய் அதைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். மெட்டு எங்கெல்லாம் ச-வையும் ப-வையும் தொடுகிறதோ அங்கெல்லாம் சுருதிக்குக் கொஞ்சம் உயிர் திரும்புகிறது. சுருதி அணையும் வேகத்துக்கு நம் வேகத்தைப் பொருத்துவது என்றால் இதுதான்.

இதில் ஒரு முள் இருக்கிறது. தம்பூராவைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு அதில் தானாக எழும் அந்தர காந்தாரம் தெரியும். யாரும் மீட்டாமலே ச-வுக்குள்ளிருந்து வருவது. பியானோவின் அடித்தந்தியும் அதே இயற்பியலுக்குக் கட்டுப்பட்டதுதான். ஐந்தாவது மேல்சுரம் டி ஷார்ப், அதாவது அந்தர காந்தாரம். உருப்படியோ டி இயல்பில், சாதாரண காந்தாரத்தில் நிற்கிறது. ஆக அடி பி-யை ஓங்கிப் போட்டால், இரண்டாவது பாரில் வருகிற காந்தாரம் தன்னுடைய சுருதியோடே சண்டை போடும். ‘என்னமோ ஸ்ருதி சேரலை’ என்று கேட்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். டியூனரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

மெதுவாக வாசித்தால் சுத்தியல் தந்தியை மெதுவாகத் தொடும், மேல்சுரங்கள் குறைவாகப் பிறக்கும், அடிச்சுரம் மட்டும் உருண்டையாக எழும். அதற்காக மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியல் தந்தியை எட்டாமலே திரும்பிவிடும். ஒரு ஆக்டேவில் ஒரு பி மட்டும் ஒலித்து இன்னொன்று ஊமையாகும். விரலைக் கட்டையின்மேல் ஒட்ட வைத்து, தோளின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கட்டை பாதி இறங்கியபின் வருகிற அந்தச் சின்னத் தடையைத் தாண்டும்போது மட்டும் தயங்காமல் போக வேண்டும். இதை மட்டும் ஒரு நாளைக்கு இருபது தடவை செய்யலாம். மீதி உருப்படியைவிட இது கடினம்.

பெடலை எப்போது மிதிப்பது? வாசிப்பதற்கு முன்பே. மிதித்து, அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்து, அப்புறம் வாசிக்க வேண்டும். எல்லாத் தந்தியும் திறந்திருக்கும்போது பிறக்கிற பி வேறு, பின்னால் மிதித்துப் பிடிக்கிற பி வேறு. கிராண்டில் நடுப் பெடல் இருக்கிறதே, அதில் பி-யை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே வலது பெடலைச் சுத்தமாக மாற்றிக்கொண்டே போனால் தெளிவாக இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். தெளிவாகத்தான் இருக்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு மழை பார்ப்பது மாதிரி. அப்ரைட்டில் நடுப் பெடல் பெரும்பாலும் சத்தத்தைக் குறைக்கிற துணிதான், அதைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு நேரம் பெடல் பிடித்தால் குழம்பிப்போகாதா என்ற பயம் நியாயமானது. மேல் பகுதித் தந்திகள் குட்டையானவை, சில நொடிகளில் அணைந்துவிடும். மெட்டு மேலே எழுதப்பட்டிருப்பதால் குழப்பம் தானாகவே தெளிந்துகொண்டிருக்கும். மெதுவாக வாசிக்கிற வரையில்தான் இந்தச் சலுகை.

கீபோர்டு வைத்திருக்கிறவர்களுக்கு இங்கே வேறு பிரச்சினை. 61 கட்டைக் கீபோர்டின் இடது கோடிக் கட்டை சி. நமக்கு வேண்டிய பி அதற்கும் கீழே. டிரான்ஸ்போஸ் போட்டு, அதாவது சுருதியை இறக்கி, எட்டிப் பிடித்தால் மேலே சுரம் போதாது. 88 கட்டை டிஜிட்டல் பியானோ வேண்டும், அதிலும் பாலிஃபனி எண்ணிக்கையை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்பதை, பார்க்க வேண்டும். 64 என்று போட்டிருந்தால், ஸ்டீரியோ ஒலிக்கு ஒரு சுரத்துக்கு இரண்டு இடம் பிடிக்கும் மாடல்களில் நிஜக் கணக்கு 32 சுரம்தான். இந்த உருப்படியில் ஐந்தாவது பார் முடிவில் பதினான்கு ஜோடி, அடி ஆக்டேவோடு சேர்த்து முப்பது சுரம் ஆகிவிடும். ஆறாவது பாரில் எல்லை தாண்டும். அணைந்துபோன சுரங்கள் இடம் விட்டுக்கொடுக்கும் என்றாலும், சில மாடல்களில் மிகப் பழைய சுரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். மிகப் பழைய சுரம் எது? அந்த பி. சட்டென்று காலுக்குக் கீழே தரை போன மாதிரி இருக்கும். இரட்டை ஒலி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தந்தி அதிர்வு என்று ஒரு அமைப்பு இருந்தால் அதைக் கூட்டி, ஹெட்போனில் கேட்டுச் சோதிக்க வேண்டும். கூடவே வருகிற சின்ன ஸ்பீக்கர்களில் 62 ஹெர்ட்ஸ் பி-யே சரியாக வராது, அதற்குக் கீழே உள்ளதைக் கேட்கவே வேண்டாம்.

மரப் பியானோ வைத்திருக்கிறவர்களுக்குப் பகை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மலைத்தொடரில் முப்பது கிலோமீட்டர் திறந்து கிடக்கிற வாசல் நம்முடையது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரட்டுக் காற்று அடிக்கும், உதடு வெடிக்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதும் சுவரே வியர்க்கும். பியானோவின் ஒலிப்பலகை மரம். ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். உப்பும்போது நடுப் பகுதிச் சுருதி ஏறும், வறளும்போது இறங்கும், அடித்தந்திகள் அந்த அளவுக்கு நகராது. அதாவது ஆக்டேவ்கள் ஒன்றோடொன்று விலகிப்போகும். வேகமான உருப்படியில் இது மறைந்துவிடும். எல்லாச் சுரமும் பெடலில் சேர்ந்து நிற்கிற இதில் மறையாது. அதனால் ஆனியில் டியூன் செய்ததை நம்பி தையில் மேடை ஏறக் கூடாது. வாசிக்கப்போவதற்கு ஒரு வாரத்துக்குள் டியூனர் வர வேண்டும். அவரிடம் ‘எல்லாம் சரி பண்ணுங்க’ என்று பொதுவாகச் சொல்லாமல், பி, டி, எஃப் ஷார்ப் மூன்றும் எல்லா ஆக்டேவிலும், பிறகு மேல் பகுதியில் ஒரே சுரத்துக்கான மூன்று தந்திகளும் அலையில்லாமல் நிற்க வேண்டும் என்று கேட்க வேண்டும். நீங்களே சோதிக்கலாம்: பெடலை மிதித்து, ஒரு சுரத்தை வாசித்து, பத்து நொடி கேளுங்கள். ‘வவ் வவ்’ என்று அலை வந்தால் அந்தச் சுரத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள்.

கட்டடமும் பார்க்க வேண்டும். சீலிங் ஃபேன் ஓடினால் அதன் இறக்கைகள் ஒலியை வெட்டி வெட்டி அனுப்பும். நீண்ட சுரத்தில் நடுக்கம் கேட்கும். மேடத்து (சித்திரை) வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் கூட்டம் முறைக்கும், அதற்கு நிகழ்ச்சியைக் காலையில் வைப்பது ஒன்றே வழி. ஒலவக்கோட்டு ரயில் பாதைக்கு அருகே என்றால் வண்டி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கல்பாத்தித் தேர் நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம். பெடல் கிறீச்சிட்டால் எண்ணெயை ஊற்றி கம்பளித் துணியை நனைத்துவிடாதீர்கள். எந்த மூட்டில் உரசுகிறது என்று கண்டுபிடித்து அங்கே மட்டும் கொஞ்சம் முகப் பவுடர் போட்டால் அன்றைய நாளுக்குத் தாங்கும்.

சுருதிக் காது காலை வாருகிற இடம் இரண்டு. நடபைரவி என்று பெயர் சொன்னதும், பாடிப் பழகிய மனம் ராகம் தேடத் தொடங்கும். பைரவி மாதிரி ஒரு பிடி, ஆனந்தபைரவி மாதிரி ஒரு வளைவு. இங்கே ஸ்கேல் மட்டும்தான் இருக்கிறது, பிடி எதுவும் இல்லை. ஒவ்வொரு சுரமும் மொட்டையாக, கமகமில்லாமல், மணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். ரி-யிலிருந்து க-வுக்குப் போகும்போது முன்னால் ஒரு பொடிச் சுரத்தைச் சேர்க்கிற பழக்கம் கீபோர்டில் கீர்த்தனை வாசிக்கும் பிள்ளைகளிடம் உண்டு. இதில் அதற்கு மன்னிப்பே கிடையாது.

இரண்டாவது, தாளம். தாளக் குறி இல்லை என்றாலும் கை தொடையில் போட்டுக்கொண்டே இருக்கும்.

“டீச்சர், வெள்ளைக்கு எத்தனை எண்ணணும்?”

“எண்ணாதே. கேக்கற வரைக்கும் நில்லு.”

“கேக்கறது நின்னு போச்சுன்னா?”

“அதுக்கு ஒரு மூச்சு முன்னாடி அடுத்த பாருக்குப் போ.”

கேள்வியும் பதிலும் இதற்குமேல் நீள வேண்டியதில்லை. பழகும்போது முதல் மூன்று நாள் மெட்ரோனோமை 60-ல் வைத்து, கறுப்புக்கு ஒன்றரை, வெள்ளைக்கு ஐந்து என்று வாசிக்கலாம், சுரம் கையில் ஏறுவதற்காக. நான்காம் நாள் அதை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் வெள்ளை எல்லாம் ஒரே நீளமாகி ஊர்வலம் போகிற மாதிரி ஆகும். இன்னொரு வியாதி, ஒவ்வொரு பாரிலும் கடைசிக் கறுப்பை இழுத்து வெள்ளையில் சாய்வது, சினிமாப் பாட்டு முடிகிற மாதிரி. ஒரு பாரில் செய்தால் அழகு, பதினான்கு பாரிலும் செய்தால் பல்வலி.

விரல் விஷயம் சுருக்கம். பெடல் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வதால் விரலால் இணைக்க வேண்டிய அவசியம் இல்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒதுக்கிவிட்டு நடு மூன்று விரல்களிலேயே வாசித்தால் ஒலி ஒரே தரமாக இருக்கும். ஸ்டூலை நடுவிலிருந்து ஒரு கையளவு வலப்பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். அடி பி-க்கு மட்டும் இடப்பக்கம் சாய்ந்து, அது ஒலிக்கத் தொடங்கியபின் நிதானமாக நிமிர்ந்து மேலே வரலாம், அவசரமே இல்லை. மெட்டுக் குரலை வாயால் பாடி மணிக் குரலை மட்டும் வாசிப்பது, பிறகு மாற்றிச் செய்வது, இது ஒன்றுதான் உண்மையான பயிற்சி. பாடத் தெரிந்த ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது பதினோராவது பார். பிரதியில் அங்கே ஒரு சின்னப் பூ வரைந்திருக்கும். அலங்காரமில்லை. உருப்படி முழுக்க ச, க, ப தாண்டாத மணிக் குரல் அந்த ஒரே இடத்தில் சி ஷார்ப்பில், ரிஷபத்தில், கால் வைக்கிறது. இணையத்தில் யாரோ காம்பு போட்டு, நான்கு நான்கு தாளம் சேர்த்து எழுதிவைத்திருக்கிற பிரதிகளில் பூவும் இருக்காது, சில சமயம் சி ஷார்ப்பையே பிழை என்று நினைத்துத் திருத்தியும் வைத்திருப்பார்கள். யுனிவர்சல் எடிஷன் வெளியிட்ட அசலை வாங்கிவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கு இவ்வளவு விலையா என்று தோன்றும், தோன்றட்டும்.

பூ வருகிற பாரில்தான் பெடலும் மாறுகிறது. முதல் பாரிலிருந்து சுமந்து வந்த பி அங்கே விடைபெற வேண்டும். இதைத் தயக்கமாகச் செய்தால் கெடும். அடித்தந்தி கனமானது, அசைவு நிறைய; பெடலைச் சட்டென்று தூக்கி உடனே மிதித்தால் மேலே உள்ள சுரங்கள் அணைந்துவிடும், பி மட்டும் சேறு மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு விரல்களாலும் ஜோடியின் கட்டைகளைப் பிடித்துக்கொண்டே, பெடலை முழுக்க மேலே விட்டு, பி அணைந்துவிட்டதைக் காதால் உறுதி செய்துகொண்டு, பிறகு மிதிக்க வேண்டும். நல்ல கிராண்டில் அரை நொடி போதும். பழைய அப்ரைட்டில் ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம், அடித்தந்தியின் டாம்பர் (தந்தியை அடக்குகிற துணிக்கட்டை) தேய்ந்திருந்தால் இன்னும் கூட. எவ்வளவு என்பதை முன்பே சோதித்து வையுங்கள். சரியாகச் செய்தால் அறையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று புரியும்: இவ்வளவு நேரம் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, இப்போது இல்லை. வீட்டில் மின்சாரம் போகும்போதுதான் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது தெரிய வருவது போல.

விசித்திரம் என்னவென்றால், அந்த ரிஷபம் பி-க்கு அந்நியமும் இல்லை. அதன் ஒன்பதாவது மேல்சுரமே சி ஷார்ப்தான். அதற்காக அந்தச் சுரத்தை அழுத்திக் காட்டாதீர்கள். எல்லோரும் செய்கிற தவறு அது. பூ வாசிக்கிறவரின் கண்ணுக்காக வரைந்தது; கேட்கிறவருக்குப் பெடல் போதும்.

எத்தனை தடவை வாசிப்பது என்ற கேள்வி கட்டாயம் வரும். பிரதிப்படி ஒரு முறை வாசித்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். 1999-ல் ஈசிஎம் வெளியிட்ட ‘அலினா’ தட்டில் அலெக்சாண்டர் மால்டர் வாசித்த இரண்டு வடிவங்களும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பதினோரு நிமிஷம். ஆக்டேவ் மாற்றி, திரும்பத் திரும்ப வாசித்து, நீண்ட நேரம் பதிவு செய்ததிலிருந்து எடுத்தது. அதைக் கேட்டுவிட்டு அதே நீளத்துக்கு ஆசைப்படுவது பள்ளிக்கூட ஹாலுக்கு ஒத்துவராது. ஒரு முறை, நல்ல பியானோவும் அமைதியான கூட்டமும் அமைந்தால் இரண்டு முறை. இரண்டு முறை என்றால் அடி பி-யையும் மறுபடி வாசிக்க வேண்டும், முன்பு ஒலித்தது முழுக்க அணைந்தபிறகு.

நிகழ்ச்சியில் எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. முதலில் வைத்தால் தாமதமாக வருகிறவர்களின் செருப்புச் சத்தத்தில் போய்விடும். சத்தமான, வேகமான ஒன்றை வாசித்து முடித்து, கைதட்டல் அடங்கியபின் வைத்தால் காதுகள் தயாராக இருக்கும்.

கடைசி வெள்ளைச் சுரத்துக்குப் பிறகு பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ‘நளினமாக’ முடிக்க முயலாதீர்கள். டாம்பர் துணி, அதிர்ந்துகொண்டிருக்கிற தந்தியை அரைகுறையாகத் தொட்டால் ‘ஸ்ர்ர்’ என்று ஒரு இழுப்புச் சத்தம் வரும். இரண்டு நிமிஷ உழைப்பு அதில் போகும். காதுக்கு ஒன்றும் கேட்காத வரைக்கும் காலையும் கையையும் அசைக்காமல் வைத்திருங்கள். கை மடிக்கு வந்தால் உடனே கைதட்டல் தொடங்கிவிடும், அதனால் முதலில் எடுக்க வேண்டியது கால், கட்டையின் மேல் இருக்கிற விரல் அதற்கு அப்புறம்.